தராசு மட்டும் போதாது

பச்சிளம் பருவம் – 9

"எத்தனை கிலோ ஆனா வீட்டுக்கு அனுப்புவீங்க சிஸ்டர்?"

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் பாட்டிகள், கதவு திறக்கும்போதெல்லாம் கேட்கும் கேள்வி இது. ஒரு காலத்தில் இதற்கு நேரான பதில் இருந்தது. குறிப்பிட்ட எடையைத் தொட்டால் டிஸ்சார்ஜ், தொடும்வரை கண்ணாடிப் பெட்டி. இப்போது தராசு மட்டும் முடிவு செய்வதில்லை. வார்மரின் துணையில்லாமல் சாதாரணத் தொட்டிலிலேயே குழந்தையின் உடல் சூடு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். மூக்குக் குழாய் இல்லாமல் வாயால் பால் குடித்து, தொடர்ந்து சில நாட்கள் எடை ஏறியிருக்க வேண்டும். மூச்சு 20 விநாடிக்கு மேல் நின்றுபோகும் பிரச்சினை இருந்திருந்தால், அதற்கான கஃபீன் மருந்தை நிறுத்திய பிறகும் சில நாட்கள் அது தலைகாட்டாமல் இருக்க வேண்டும். காபியில் இருக்கும் அதே கஃபீன்தான். குறைமாதக் குழந்தையின் மூளையில் இன்னும் முதிராத மூச்சு மையத்தை அது தூண்டிவிடுகிறது.

இவ்வளவும் சரியாகிவிட்டாலும் கடைசியாக ஒன்று மிச்சமிருக்கிறது. இந்தக் குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்வதென்று அதன் அம்மாவுக்குத் தெரியுமா?

1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை சுமார் 2.1 கிலோ. நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள் சூழ்ந்து நின்றும், நுரையீரல் விரியாமல் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். இத்தகைய குழந்தைகளின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்புப் பொருள் போதாததுதான் காரணம் என்று மேரி எலன் ஏவரி 1959இலேயே காட்டியிருந்தார். அதை மருந்தாகக் கொடுக்கும் வழி 1980இல்தான் ஜப்பானில் பலித்தது. இன்று அதே மாதத்தில் அதே எடையில் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலிருந்தே நலமாக வீடு திரும்புகின்றன. 2020ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. உயிர் பிழைத்து வருகிறவர்களின் எண்ணிக்கை கூடக்கூட, அவர்களைக் கையில் வாங்கிக்கொள்ளும் குடும்பங்களின் எண்ணிக்கையும் கூடுகிறது. அந்தக் குடும்பங்களைத் தயார் செய்வதில்தான் நாம் இன்னும் பின்தங்கியிருக்கிறோம்.

தாயைக் கதவுக்கு வெளியே நிறுத்தினால் என்ன ஆகும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பாரிஸில் குறைமாதக் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவை நடத்திய பியர் புதேன், பிரித்து வைக்கப்பட்ட தாய்மாருக்குப் பிள்ளைமீதுள்ள பிடிப்பே தளர்ந்துபோவதைக் கவனித்து 1900இல் எழுதிய நூலில் பதிவு செய்தார். அம்மாக்கள் உள்ளே வந்து பால் கொடுக்க வேண்டும் என்றார். ஆனால் அடுத்து வந்த தலைமுறைகள், கிருமிக்குப் பயந்து கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்தின.

அந்தக் கதவு திறந்தது பணக்கார நாடொன்றில் அல்ல. கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில், ஏழைப் பெண்கள் பிள்ளை பெறும் தாய்சேய் மருத்துவமனையில் 1978இல் இன்குபேட்டருக்குத் தட்டுப்பாடு. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்கவைத்தார்கள். ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்று பரவி இறந்தன. பிழைத்தவற்றில் சிலவற்றைப் பெற்றோரே விட்டுவிட்டுப் போனார்கள். எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், வேறு வழியில்லாத நிலையில் குழந்தையை வெறும் டயப்பரோடு தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி நிமிர்த்திக் கட்டிவைத்தார். அடுத்த ஆண்டு எக்டர் மார்த்தினேஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். தாயின் உடல் சூடே வார்மர் ஆயிற்று, தாய்ப்பாலே உணவாயிற்று. நிலைப்பட்ட குழந்தைகளை எடை பார்க்காமல் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பி, அடிக்கடி வரவழைத்துப் பரிசோதித்தார்கள். கங்காரு பராமரிப்பு என்று இன்று உலகம் முழுக்க அறியப்படும் முறை, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும் திட்டமாகத்தான் தொடங்கியது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்படி வளர்ந்த போகோட்டாக் குழந்தைகளை 20 ஆண்டு கழித்துத் தேடிப்பிடித்துச் சோதித்த ஆய்வும் வந்திருக்கிறது. அவர்கள் பள்ளிக்கு மட்டம் போட்டது குறைவு, முரட்டுத்தனமும் குறைவு.

நம் நாட்டுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளும் சேர்ந்து, 1 முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தின. குழந்தையின் நிலை சீராகட்டும் என்று காத்திருக்காமல், பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைத்தால் என்ன ஆகும்? 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக இறங்கியது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2021இல் முடிவு வெளியானது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது. இதைச் செய்ய வேண்டுமானால் தாய்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே ஒரு கட்டில் வேண்டும். சஃப்தர்ஜங்கில் அப்படித்தான் போட்டார்கள். செலவு ஒரு கட்டில்தான். நம் மருத்துவமனைகளில் இதைவிட மலிவாக உயிர் காக்கும் கருவி வேறெதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்தக் கட்டிலில் இருந்தபடி அம்மா கற்றுக்கொள்வது ஏராளம். உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடும் மூன்றையும் கோத்துச் செய்யும் திறன் சுமார் 34ஆவது வாரத்தில்தான் குழந்தைக்கு வருகிறது. அதுவரை பீய்ச்சிய பாலைப் பாலாடையில் எடுத்து, உதட்டோரம் சாய்த்து, அது விழுங்கும் வேகத்துக்குக் கொடுக்க வேண்டும். கொள்ளுப்பாட்டி காலத்துப் பாலாடை இன்று இந்தியா முழுக்க நவீன வார்டுகளில் எவர்சில்வரில் இருக்கிறது. வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்த்துச் சூடு அறிவது, இரும்புச்சத்துச் சொட்டுமருந்தையும் வைட்டமின் டியையும் அளவு மாறாமல் கொடுப்பது, கை கழுவுவது எல்லாம் நர்ஸின் கண்முன்னே பழக வேண்டியவை. பெற்றோரை இப்படிப் பங்கேற்கவைக்கும் முறை டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் சோதிக்கப்பட்டது. 2017இல் மத்திய அரசு அதையே நாட்டுக்கான வழிகாட்டியாக்கியது. டிஸ்சார்ஜ் அன்று காலையில் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அவசரமாகப் படித்துக்காட்டுவது இதற்கு ஈடாகாது.

வீட்டில் முதல் இரவை அம்மாக்கள் பயத்தோடுதான் கழிக்கிறார்கள். வாரக்கணக்கில் மானிட்டரின் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு வீட்டின் அமைதி தாங்கவில்லை. விடிய விடிய மூக்கடியில் விரலை வைத்துப் பார்க்கிறார்கள். குழந்தை படபடவென்று மூச்சு விட்டு, ஐந்து முதல் பத்து விநாடி நிறுத்தி, மறுபடி தொடர்வது இந்த வயதில் இயல்பு. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதி பயம் குறைந்திருக்கும். குழந்தை நலமாகத் திரும்பிய பிறகு வரும் அழுகையையும் தூக்கமின்மையையும் "அதான் பிள்ளை வந்துடுச்சே, இன்னும் என்ன?" என்று வீட்டார் தள்ளிவிடுகிறார்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டினால் சரிசெய்யக்கூடியது.

அடுத்து வருவது உறவு. காத்துக் காத்து வந்த பிள்ளை. பார்க்க ஊரே வரும். ஆரத்தி, சேனை தொட்டு வைக்கத் தேன், கண்ணுக்கு மை, குளிப்பாட்டிய பின் சாம்பிராணிப் புகை, காலில் போட்டு மூக்கும் நெஞ்சும் உருவிவிடும் ஒரு பெரியம்மா. அத்தனையும் அன்பில் செய்வதுதான். ஆனால் வென்டிலேட்டரில் இருந்து தேறிய நுரையீரலுக்குச் சாம்பிராணிப் புகை ஆகாது. தேன் ஒரு வயதுவரை கூடாது. மையில் ஈயம் கலந்திருக்கக்கூடும். பெரியவர்களுக்கு வெறும் சளியாக வந்து போகும் ஆர்.எஸ்.வி. வைரஸ், இந்தக் குழந்தையைத் திரும்ப ஐ.சி.யூ.வில் சேர்த்துவிடும்.

"அத்தை, டாக்டர் ரெண்டு மாசத்துக்கு யாரும் தூக்க வேணாம்னு சொல்லியிருக்காரு" என்று மருமகள் வாயால் சொல்வது நம் வீடுகளில் சுலபமல்ல. சொன்னால் மனஸ்தாபம்தான். அதனால்தான் அந்த அத்தையையே வார்டுக்குள் அழைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாட்டியும் சித்தியும் அப்பாவும் கங்காரு முறையில் குழந்தையை மார்பில் சுமக்கலாம். அம்மா அந்த நேரம் தூங்கலாம். பாட்டியின் கைமருத்துவம் எல்லாமே தப்பு என்று ஒதுக்குவதும் அறிவியல் ஆகாது. மிதமாகத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு எடை நன்றாக ஏறியதை 2005இல் வெளியான மும்பை ஆய்வு காட்டியது. உருவாமல் தடவ வேண்டும், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, அவ்வளவுதான்.

வீட்டு வாசலுக்கே பராமரிப்பைக் கொண்டுபோகலாம் என்று நிரூபித்தவர்கள் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர். பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் வீடு வீடாகப் போனதில், பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999இல் எழுதினார்கள். 2011இல் நாடு முழுக்க வந்த திட்டம் இதன் வழியில் பிறந்ததே. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர் கதவைத் தட்டினால் "எல்லாம் நல்லாருக்கு" என்று வாசலோடு அனுப்பிவிடாமல், உள்ளே கூப்பிட்டு எடை பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு தேதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். மிகச் சிறியவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. விழித்திரையின் ரத்தக்குழாய்கள் முழுமையாகப் படர்வதற்கு முன்பே பிறந்துவிட்டதால், ஆக்சிஜனின் தாக்கத்தில் அவை தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கக்கூடும். ஆறு வாரம் முன்னதாக 1950இல் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் பார்வை இழந்தது இதனால்தான். அன்று காரணமே சரிவரத் தெரியாது. இன்று லேசரில் தடுத்துவிடலாம், ஆனால் பாதிப்பைக் கண்ட இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும். குழந்தையின் கண் வெளிப்பார்வைக்கு அழகாகவே இருக்கும் என்பதால், "தீட்டு கழியட்டும்", "முப்பது கும்பிட்டுப் போகலாம்" என்று காத்திருந்து பார்வையைத் தொலைத்த குடும்பங்கள் உண்டு.

தடுப்பூசிகளைப் பிறந்த தேதியை வைத்தே கணக்கிட வேண்டும். வளர்ச்சிக்கு வேறு கணக்கு. 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு நாலு மாதம் நிறைந்தாலும், பத்து வாரத்தைக் கழித்தால் அது ஒன்றரை மாதப் பிள்ளைதான். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தலை நின்னுடுச்சே" என்ற ஒப்பீட்டை இரண்டு வயதுவரை ஒத்திப்போடலாம்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, வயிறு தொடும்போது ஜில்லென்றிருந்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினாலோ, நெஞ்சுக்குழி உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, வெட்டி வெட்டி இழுத்தாலோ உடனே 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை குழந்தையைத் தாயின் மார்பிலேயே போர்த்தி வைத்திருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் மருந்துப் புட்டிகளையும் மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

(தொடரும்)