ஐந்து ரூபாய்ப் பொட்டலம்

ஒரகடம் கூட்டுரோட்டில் ஆலைப் பேருந்துக்காக விடியற்காலையில் நிற்கும் தோழனைப் பாருங்கள். ஒரு கையிலே தேநீர், மறு கையிலே ஐந்து ரூபாய்ப் பொட்டலம். அதுதான் காலைப் பலகாரம்! மதியம் வரை இயந்திரத்தோடு மல்லாட வேண்டியவனுக்கு அதுதான் ஆகாரம்!

பொட்டலம் ஊதிப் பெருத்திருக்கிறது. பிரித்தால் பெரும்பகுதி வாயு. நைட்ரஜனாம், வறுவல் நொறுங்காமலும் எண்ணெய் காறாமலும் காக்கிறதாம். இருக்கட்டும். “விலை ஏறவே இல்லையே!” என்று மகிழ்கிறான் தோழன். விலை ஏறவில்லை, எடை இறங்கிற்று! பாமாயில் இந்தோனேஷியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலேறி வருகிறது. அங்கே விலை ஏறினால் இங்கே கிராம் குறைகிறது. நாணயம் மட்டும் அப்படியே நிற்கிறது. பஸ் கட்டணம் உயர்ந்தால் ஊரே கொதிக்கும். இந்த உயர்வோ எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் பொட்டலத்தின் முதுகிலே ஒளிந்திருக்கிறது.

வரியின் கதை இன்னும் வேடிக்கை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது தின்கிற பிஸ்கட்டுக்கு 18 விழுக்காடு; பெட்டகத்தில் பூட்டுகிற தங்க பிஸ்கட்டுக்கு 3! எட்டாண்டு கழித்து, 2025 செப்டம்பர் 22இல்தான், பிஸ்கட்டுக்கும் பொட்டலக் காரவகைகளுக்கும் 5 என்று இறங்கினார்கள். இன்றும் தங்கத்துக்குத்தான் சலுகை! ஐந்து ரூபாய்ப் பொட்டலம் என்ன ஆயிற்று? விலையைக் குறைக்கவில்லை, எடையைக் கூட்டித் தருகிறோம் என்றனர் கம்பெனியார் பலர். பழைய உறையையும் புதிய உறையையும் பக்கத்தில் வைத்து நிகர எடையைப் படித்துப் பாருங்கள்.

நொறுக்குத்தீனியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. முறுக்கு நம் வீட்டுப் பண்டம். மணப்பாறை முறுக்கு 2023இல் புவிசார் குறியீடே பெற்றிருக்கிறது. ஒரகடத்தில் 2012இல் லாரி ஆலை திறந்த ஜெர்மானியரின் நாட்டிலும் ‘பிரெட்சல்’ என்றொரு முறுக்கு உண்டு. கார நீரில் முக்கிச் சுடுவார்கள். கொறிப்பது வேறு, அதையே சோறாக்கிக்கொள்வது வேறு. நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம். உருளை வறுவலில் ஏழுதான் தேறும்.

தோழன் ஏன் பொட்டலத்தைத் தேடுகிறான்? ஆறு பேர் தங்கும் அறையிலே அடுப்பில்லை. விடுதிச் சோற்றை நம்பலாமா? 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் செல்பேசி ஆலையின் பெண்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி, 150க்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்த பிறகே நாடு திரும்பிப் பார்த்தது!

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் உழைத்த ஆலையில்தான் உணவுக்கூடம் கேட்டது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டமோ, ஒப்பந்தத் தொழிலாளியையும் சேர்த்து நூறு பேர் இருந்தாலே போதும் என்கிறது. மற்றப் பிரிவுகளில் தொழிற்சங்கங்களுக்கு ஆயிரம் சண்டை உண்டு. இந்தப் பிரிவையாவது கையில் எடுப்போம். இருங்காட்டுக்கோட்டையிலும் வல்லத்திலும் ஒவ்வொரு வாயிலிலும் தலைகளை எண்ணுங்கள், தோழர்களே! நூறு தேறினால் கேளுங்கள்: உணவுக்கூடம் எங்கே? இரவு ஷிப்டுக்கு அடுப்பு எரிகிறதா?