முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையில் நரம்புக் காவல்

பனை செழித்த நெடுந்தீவு முதலாய தீவகத்திற் பனையேறுந் தொழிலாளர் தவறி வீழ்ந்து முள்ளந்தண்டு முறிதலுண்டு. முறிந்த என்புகளைத் திருகாணியாலும் உலோகத் தண்டாலும் நிறுத்தி ஒன்றாய் வளரச் செய்வதே இணைப்புச் சத்திரசிகிச்சையாகும். அப்போது கருவி சற்றே பிசகினும் உள்ளேயுள்ள முண்ணாண் ஊறுபட்டுக் கால்கள் செயலிழக்கக்கூடும். மயக்கத்திலுள்ள நோயாளி அதனை உரைக்கமாட்டான். ஆதலின் நரம்பின் நிலையறியும் முறைகள் மூன்று தோன்றின.

முதலாவது, 1973இல் பிரான்சிய வைத்தியர் வோசெல், ஸ்டாஞாரா முதலியோர் விளக்கிய எழுப்பற் சோதனை. மயக்கத்தை இடையே தணித்துப் பாதங்களை அசைக்கச் சொல்வர். இதற்குப் பொறி வேண்டுவதில்லை. எனினும் அக்கணத்து நிலையை மட்டுமே இது காட்டும்.

இரண்டாவது, கணுக்காலருகே நரம்பை மின்னால் தூண்டி, அதனால் மூளையில் எழும் அலையைத் தலைமேற் பதிதல். அலையின் உயரம் பாதியாகக் குறையின், அன்றி அதன் வருகை பத்திலொரு பங்கு தாமதிப்பின், அஃது எச்சரிக்கையாம். ஆயினும் இம்முறை முண்ணாணின் பின்புற உணர்ச்சி வழியையே காக்கும். அவ்வழி செவ்வனே இருக்க, இயக்க வழி கெடுதலுங் கூடும்.

மூன்றாவது முறை அக்குறையை நிரப்புவது. 1980இல் இங்கிலாந்தில் மேட்டனும் மோட்டனும் காட்டியவாறு, மண்டையோட்டின் மேலிருந்தே மூளையைத் தூண்டிக் காற்றசைகளின் விடையைப் பதிவர். ஆனால் தசைதளர்த்தும் மருந்தும் சுவாசிக்கும் மயக்கமருந்தும் அவ்விடையை மங்கச் செய்யும்.

எனவே பின்னிரண்டையும் ஒருங்கே கையாளுதலும், ஐயமெழின் முதலாவதை நாடுதலும் தக்கன. கால்வலியையே முதலாகக் கொண்ட பனைத்தொழிலாளிக்கு இக்காவல் வாழ்வின் காவலாகும்.