நாடாள்வோரும் சொந்த வாணிபமும்

நமது நெசவாளர் சங்கங்களிலும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களிலும் ஒரு பழைய விதி உண்டு. சங்கத்துக்கு நூல் விற்கும் வியாபாரி, அச்சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அமரலாகாது. சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டவருக்கும், சங்கம் நடத்தும் தொழிலையே தமக்கெனத் தனியே நடத்துகிறவருக்கும் குழுவில் இடமில்லை. வியாபாரிகள் எல்லோரும் வஞ்சகர் என்று எண்ணி இவ்விதியை வகுத்தார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. வாங்கும் கையும் விற்கும் கையும் ஒருவருடையவையாகவே இருந்துவிட்டால், அவர் எத்துணை நல்லவராயினும், 'இந்த விலை நியாயந்தானா?' என்று கேட்க எதிர்ப்பக்கத்தில் ஆள் இல்லாமற் போகிறது. விதியின் காரணம் அவ்வளவே.

இந்த விதியை ஒரு சங்கத்துக்கு அன்றி ஒரு தேசத்துக்கே பொருத்திப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை இம்மாதம் ஆராய விரும்புகிறோம். பெரிய தொழிலதிபர்கள் நாட்டின் தலைமைப் பதவிக்கு வருவது பல தேசங்களில் நிகழ்ந்திருக்கிறது. அவர்களுக்கு வாக்களிக்கும் மக்களை ஏமாளிகள் என்று நாம் சொல்லமாட்டோம். 'இருக்கிறவன் திருடமாட்டான்; ஆயிரம் பேருக்குச் சம்பளம் கொடுத்துத் தொழில் நடத்தத் தெரிந்தவன் நாட்டையும் நடத்துவான்' என்பது அவர்கள் வாதம். அதில் ஒரு நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் வாணிபத்தை விட்டுவிடாமலே பதவிக்கு வருகிறவரால் விளையும் தொல்லை, அவர் திருடுவாரா மாட்டாரா என்பதோடு முடிந்துவிடுவதில்லை.

சங்கக் கூட்டத்தில் நம்மைச் சார்ந்த ஒரு விஷயம் வந்தால், எழுந்து வெளியே போய்விடலாம். மற்றவர்கள் முடிவு செய்தபின் உள்ளே வரலாம். சாதாரண மந்திரியொருவரும் அவ்வாறே ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் சர்க்காரின் தலைவர் எந்த அறையை விட்டு எழுந்து போவார்? வரி, வட்டி, உரத்தின் விலை, ஏற்றுமதி, சாலை எல்லாமே அவர் பார்வைக்கு வந்து சேருகின்றன. அமெரிக்க நாட்டில், தன் சொந்தப் பணம் சம்பந்தப்பட்ட காரியத்தில் சர்க்கார் அதிகாரி கைவைத்தால் அது குற்றம். அந்தச் சட்டமே ஜனாதிபதிக்கும் உபஜனாதிபதிக்கும் பொருந்தாது. ஜனாதிபதி ஒதுங்க ஆரம்பித்தால் ராஜ்ய காரியம் நின்றுவிடும் என்பதே இதற்குச் சொல்லப்படும் சமாதானம்.

ஆகவே அவருக்கு மிஞ்சும் வழிகள் சிலவே. வாணிபத்தை அடியோடு விற்றுவிடலாம். பிறர் பொறுப்பில் ஒப்படைக்கலாம். அல்லது அந்த வாணிபத்துக்குச் சர்க்கார் பணம் ஒரு காசும் போகக்கூடாது என்று சட்டம் தடுக்கலாம். விற்றுவிடுவதே நேரான வழி என்பது நம் கருத்து. ஆயினும், பரம்பரையாக வந்த நிலத்தையும் தொழிலையும் நாலு வருஷப் பதவிக்காக விற்றுவிடு என்று சொல்வது எளிது. விற்கிறவனுக்கல்லவா அதன் வலி தெரியும்?

மணிலாக்கொட்டை பயிரிடும் அங்கத்தினர்கள் ஜிம்மி கார்ட்டரின் கதையை அறிந்துகொள்வது நல்லது. ஜார்ஜியா மாகாணத்தில் பிளெயின்ஸ் என்ற சிற்றூரில் அவருடைய குடும்பத்துக்கு நிலமும் ஒரு மணிலாக் கிடங்கும் இருந்தன. சுற்றுவட்டாரக் குடியானவர்களிடம் கொட்டையை வாங்கி, விதையும் உரமும் விற்கும் வியாபாரம். 1977 ஜனவரியில் ஜனாதிபதியானபோது அவர் தம் பங்குகளை ஒரு டிரஸ்டில் ஒப்படைத்தார். அட்லாண்டா நகர வக்கீலும் தம் நெடுநாளைய நண்பருமான சார்லஸ் கிர்போவை அதற்குத் தர்மகர்த்தாவாக்கினார்.

இத்தகைய டிரஸ்டை 'கண்கட்டிய டிரஸ்டு' எனலாம். இதன் தத்துவம் எளிது. ஒருவரிடம் பல கம்பெனிகளின் பங்குப் பத்திரங்கள் இருக்கின்றன. தர்மகர்த்தா அவற்றை விற்று வேறு பத்திரங்களை வாங்கிவிடுகிறார். எவை என்று உடையவருக்குச் சொல்வதில்லை. தம்மிடம் என்ன இருக்கிறது என்றே அறியாதவர் அதற்குச் சாதகமாக எப்படிக் கையெழுத்திடுவார்? பத்திரங்களுக்கு இது தக்க ஏற்பாடுதான். ஆனால் மணிலாக் கிடங்கு பெட்டிக்குள் வைத்துப் பூட்டக்கூடிய பொருளன்று. வெள்ளை மாளிகையில் இருந்தாலும், பிளெயின்ஸில் தமக்கு ஒரு கிடங்கு இருக்கிறது என்பதைக் கார்ட்டர் மறந்துவிட முடியாது. அவர் கண்ணைத்தான் கட்டினார்கள். பொருள் நின்ற இடத்திலேயே நின்றது.

1977 செப்டம்பரில் அவர் கையெழுத்திட்ட விவசாயச் சட்டத்தில் மணிலாவுக்கான ஆதரவு விலையும் அடங்கியிருந்தது. குறிப்பிட்ட அளவு கொட்டைக்கு ஒரு விலை, அதற்கு மேற்பட்டதற்குக் குறைந்த விலை என்று அச்சட்டம் பிரித்தது. இது அவருடைய கிடங்கை உத்தேசித்து எழுதப்பட்டது என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அப்படிச் சொல்லவும் மாட்டோம். ஆயினும் மணிலா விலையை நிர்ணயிக்கும் கையெழுத்து ஒரு மணிலா வியாபாரியின் கையெழுத்தாக இருந்தது என்பது மெய்.

அடுத்த தொல்லை கிடங்கின் கடனால் வந்தது. நேஷனல் பாங்க் ஆப் ஜார்ஜியாவிலிருந்து அந்தக் கிடங்கு பெற்றிருந்த கடன், தேர்தல் செலவுக்குத் திருப்பப்பட்டதா என்ற கேள்வி எழுந்தது. அந்த பாங்கின் முன்னாள் தலைவர் கார்ட்டரின் நண்பர். அவருடைய சர்க்காரில் வரவு செலவுத் திட்ட அதிகாரியாகவும் இருந்தவர். 1979இல் பால் கர்ரன் என்ற வக்கீல் விசேஷ விசாரணைக்கு நியமிக்கப்பட்டார். பதவியிலிருந்த ஜனாதிபதியே பிரமாணத்தின்மேல் வாக்குமூலம் கொடுத்தார். தேர்தலுக்குப் பணம் திரும்பியதற்குச் சான்றில்லை என்று அவ்வாண்டு அக்டோபரில் முடிவாயிற்று.

1980 தேர்தலில் தோற்று 1981இல் கார்ட்டர் ஊர் திரும்பினார். வறட்சியும் கைமாறிய நிர்வாகமும் சேர்ந்து வியாபாரத்தைக் கெடுத்திருந்தன. ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் கடன்! கிடங்கை விற்றுத்தான் கடனைத் தீர்க்க வேண்டியதாயிற்று. பதவியால் கொழுத்தார் என்று அவரை எவரும் சொல்ல முடியாது. என்றாலும், அவ்வளவு நேர்மையானவரும் தம் வியாபாரத்தைப் பற்றிக் கேள்வி கேட்ட விசாரணை வக்கீலுக்குப் பதில் சொல்ல உட்கார நேர்ந்ததல்லவா? தொடக்கத்திலேயே விற்றிருந்தால் அந்தக் கடனும் அவர் தலைமேல் ஏறியிராது.

பினாமி வழியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது நம் நாட்டார் அறியாததன்று. தாய்லாந்தின் தக்சின் ஷினவத்ரா, வடக்கே சியாங் மாய் பகுதியில் பட்டு வாணிபம் செய்த குடும்பத்தில் பிறந்தவர் என்பது நம் நெசவாளர்களுக்குச் சுவைக்கக்கூடும். அவர் பணம் சேர்த்தது பட்டில் அல்ல, சர்க்கார் உரிமம் பெற்று நடத்திய கைப்பேசித் தொழிலில். 2001இல் அவர் பிரதம மந்திரியாவதற்குச் சற்று முன்னர், அவருடைய பங்குகள் வீட்டு வேலைக்காரி, டிரைவர் முதலியோர் பெயரில் இருந்தது வெளியாயிற்று. அரசியல் சட்ட நீதிமன்றம் எட்டுக்கு ஏழு என்ற வாக்கில் அவரை விடுவித்தது. கிராமம் ஒன்றுக்குப் பத்து லட்சம் பாத் கடன் நிதி கொடுத்த சர்க்கார் அவருடையது. கிராமத்து மக்கள் அவரை நேசித்ததில் வியப்பில்லை. ஆனால் 2006 ஜனவரியில், தொலைபேசிக் கம்பெனிகளில் அந்நியர் வைத்திருக்கக்கூடிய பங்கின் வரம்பு நூற்றுக்கு 25லிருந்து 49 ஆக உயர்ந்தது. உயர்ந்த இரண்டொரு நாளிலேயே அவர் குடும்பம் தன் பங்குகளைச் சிங்கப்பூரின் டெமாசெக் ஸ்தாபனத்துக்குச் சுமார் 7,300 கோடி பாத்துக்கு விற்றது. அவ்விற்பனைக்கு வரியும் இல்லை. தெருவெல்லாம் கூட்டம் கூடிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துக்கொண்டது. அதை நாம் பரிகாரம் என்று ஒப்பமாட்டோம். 2010இல் உச்சநீதிமன்றம் அக்குடும்பத்தின் சொத்தில் 4,600 கோடி பாத்துக்குமேல் பறிமுதல் செய்தது.

விவசாயிகளுக்கு மிக நெருங்கிய உதாரணம் ஐரோப்பாவில் செக் நாட்டில் இருக்கிறது. அங்கே ஆந்திரே பாபிஷ் என்பவர் அக்ரோஃபெர்ட் என்ற பெருநிறுவனத்தின் அதிபர். ரசாயன உரம், தானிய வியாபாரம், கோழி, ரொட்டி, பால், இறைச்சி என்று விதைப்பு முதல் சாப்பாட்டு மேஜை வரை அதன் கை நீண்டிருந்தது. பத்திரிகைகளையும் வாங்கிற்று. பாபிஷ் 2014இல் நிதி மந்திரியானார். 2017 டிசம்பரில் பிரதம மந்திரியானார்.

அந்நாட்டுச் சட்டசபை மூன்றாவது வழியை எடுத்தது. மந்திரி ஒருவர் கால்பங்கு அல்லது அதற்குமேல் வைத்திருக்கும் கம்பெனிக்குச் சர்க்கார் மானியமும் காண்டிராக்டும் கிடையாது என்று 2017இல் சட்டம் வந்தது. பாபிஷ் உடனே அக்ரோஃபெர்ட்டை இரண்டு டிரஸ்டுகளில் வைத்தார். 'இனி அது என்னுடையதல்ல. சட்டத்தின்படி நடந்துவிட்டேன்' என்பது அவர் நிலை. ஆனால் டிரஸ்டை உண்டாக்கியவர் அவர். பயன் பெறுபவரும் அவர். தர்மகர்த்தாக்களையும் அவர்களைக் கண்காணிப்பவர்களையும் நியமிக்கவும் நீக்கவும் வல்லவரும் அவரே. கண்காணிப்போரில் அவருடைய மனைவியும் ஒருவர். அண்டையிலுள்ள ஸ்லோவாக்கியாவின் பதிவேட்டில் அக்ரோஃபெர்ட்டின் கிளைக்கு இறுதி உடைமையாளராகப் பாபிஷின் பெயரே இருந்ததை ஊழல் எதிர்ப்புச் சங்கம் ஒன்று 2018இல் எடுத்துக்காட்டியது. ஐரோப்பிய யூனியனின் தணிக்கையாளர்கள் வந்து கணக்கைப் பார்த்தார்கள். டிரஸ்டு இருந்தும் கம்பெனி அவர் ஆளுகையிலேயே இருந்தது என்று முடிவு செய்தார்கள். 2021 ஏப்ரலில் அந்த அறிக்கை வெளியாயிற்று. இதற்கிடையில், 2019 ஜூனில் பிராகு நகர மைதானத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் கூடி அவரைப் பதவி விலகச் சொன்னார்கள்.

சிறு தொழில்களுக்கென்று ஒதுக்கிய ஐரோப்பிய மானியத்தில் ஐந்து கோடி கொருனா, அவரைச் சார்ந்த ஒரு பண்ணை விடுதிக்குப் போனது பற்றிய வழக்கும் உண்டு. கீழ்நீதிமன்றம் 2023இலும் 2024இலும் அவரை விடுவித்தது. மேல்நீதிமன்றம் இருமுறையும் அத்தீர்ப்பை ரத்து செய்தது. அவர் குற்றத்தை மறுத்தே வந்திருக்கிறார். அது அவர் பிரதமராவதற்கு முன் நடந்த விவகாரமாதலால் இங்கே அதை நீட்டவில்லை.

நாம் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. ஐரோப்பிய யூனியன் விவசாயிகளுக்குத் தரும் மானியத்தில் பெரும்பகுதி நிலத்தின் பரப்பைப் பார்த்துத் தரப்படுகிறது. ஏக்கர் கூடினால் பணமும் கூடும். ஒரு பண்ணைக்கு இவ்வளவுக்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு விதித்தால், மிச்சப்படுவது சிறுகுடியானவர்களுக்குப் போகும் என்ற யோசனை எழுந்தது. 2020 ஜூலையில் நாட்டுத் தலைவர்கள் பிரஸல்ஸில் கூடி ஏழாண்டு வரவு செலவுத் திட்டத்தை முடிவு செய்தபோது, அவ்வரம்பு கட்டாயமன்று, அந்தந்த நாட்டின் விருப்பம் என்று தீர்மானமாயிற்று. செக் நாடு கட்டாய வரம்பை எதிர்த்து வந்த நாடு. அதன் சார்பில் அக்கூட்டத்தில் அமர்ந்திருந்தவர் பாபிஷ்.

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். யூனியனிலேயே சராசரிப் பண்ணை பெரிதாக இருக்கும் நாடு செக் நாடு. கம்யூனிஸ்டு ஆட்சியில் குடியானவர்களின் நிலத்தைக் கட்டாயமாய்ச் சேர்த்து உண்டாக்கிய கூட்டுப் பண்ணைகளின் மிச்சம் அது. (கூட்டுறவு என்ற பெயரை அவற்றுக்கும் இட்டார்கள், விரும்பினால் சேரலாம், விரும்பினால் விலகலாம் என்ற முதல் விதி இல்லாததை நாம் கூட்டுறவு என்று ஏற்கமாட்டோம்.) பெரிய பண்ணைகள் நிறைந்த நாட்டின் பிரதம மந்திரி, ஓர் ஏக்கர்கூட இல்லாத ஏழையாயிருந்தாலும், உச்சவரம்பு வேண்டாமென்றே வாதாடியிருக்கலாம். அப்படியானால் பாபிஷ் பேசியது தம் நாட்டுக்காகவா, தம் பண்ணைகளுக்காகவா? இதற்கு விடை சொல்ல எவராலும் ஆகாது. ஒருவேளை அவராலேயே ஆகாது. அவர் நேர்மையாகவே பேசியிருந்தாலும் அதை மெய்ப்பிக்க அவருக்கு வழியில்லை. தவறாகப் பேசியிருந்தாலும் அதை மெய்ப்பிக்கப் பிறருக்கு வழியில்லை. செக் நாட்டுச் சிறுகுடியானவன் தன் தலைவரின் சொல்லை எடைபோடும் தராசையே இழந்து நின்றான். மானியத்தில் போன பணத்தைத் திரும்ப வாங்கிவிடலாம். இதைத் திரும்ப வாங்கப் பிரஸல்ஸில் ஒரு தணிக்கையாளரும் இல்லை.

பாபிஷ் 2021 தேர்தலில் பதவி இழந்தார். 2025 அக்டோபர் தேர்தலில் அவர் கட்சி மீண்டும் முதலிடம் பெற்றது. இம்முறை ஜனாதிபதி பீட்டர் பாவெல், அக்ரோஃபெர்ட்டை என்ன செய்யப் போகிறார் என்பதை நாட்டுக்கு வெளிப்படையாகச் சொன்ன பிறகே நியமனம் என்றார். பங்குகளைச் சுதந்திரமான தர்மகர்த்தாவிடம் ஒப்படைப்பதாகவும், அரசியலை விட்டாலும் அவை தம்மிடம் திரும்பாவென்றும், தம் மரணத்துக்குப்பின் பிள்ளைகளைச் சேருமென்றும் அவர் அறிவித்தார். அந்த டிசம்பரிலேயே பிரதம மந்திரியானார். 2017ஆம் ஆண்டின் டிரஸ்டைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை. தர்மகர்த்தாவை நியமிக்கவும் நீக்கவும் யாருக்கு அதிகாரம், கணக்கு யார் பார்வைக்குப் போகிறது என்பவற்றைக் கொண்டுதான் அது எவ்வளவு மேலானது என்று கூறமுடியும். பிள்ளைகளைச் சேரப்போகும் சொத்தைத் தன் சொத்தல்ல என்று எந்தத் தகப்பன் நினைப்பான் என்பதை, நிலமும் தறியும் வைத்திருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.