தெருவோரத் தட்டு – 9: செகண்ட் லைன் பீச் அத்தோ

சென்னை பீச் ரயில் நிலையத்தில் இறங்கி ராஜாஜி சாலையைக் கடந்து, பர்மா பஜார் கடைகளுக்குப் பின்னால் நுழைந்தால் செகண்ட் லைன் பீச். பகலெல்லாம் அலுவலகக் கூட்டமும் சரக்கு வண்டிகளும் நெருக்கும் இந்தத் தெருவில் பொழுது சாய்ந்ததும் உணவு வண்டிகள் களைகட்டும். "இங்கே என்ன சாப்பிடலாம்?" என்று பாரிமுனைப் பக்கத்து ஆள் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் வரும் பதில், அத்தோ.

நூடுல்ஸ் என்றதும் பெரிய நெருப்பு, புரளும் இரும்புச் சட்டி, சோயா சாஸ் வாசனை என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு வண்டியின் முன் நின்றதும் குழப்பம்தான். தட்டு தயாராகும்போது அடுப்புக்கு வேலையே இல்லை. முன்பே வேகவைத்த தடிமனான கோதுமை நூடுல்ஸ், ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவி, ஆரஞ்சு நிறத்தில் குவிந்திருக்கிறது. கடைக்காரர் அதில் ஒரு கை அள்ளிக் கிண்ணத்தில் போடுகிறார். முட்டைக்கோஸ் சீவல், பச்சை வெங்காயம், மொறுமொறுவென்று பொரித்த வெங்காயம், பூண்டு மணக்கும் எண்ணெய், புளிக்கரைசல், உப்பு, மிளகாய்த்தூள், கொத்தமல்லி எல்லாம் அடுத்தடுத்து விழுகின்றன. பேஜோ என்னும் மெல்லிய தட்டையை மேலே நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைகிறார். இடையில் ஒரே ஒரு கேள்வி: "காரம் தூக்கலா போடவாண்ணா?"

அந்தப் பிசைதலில்தான் கைத்திறன் இருக்கிறது. அழுத்தினால் நூடுல்ஸ் குழைந்துவிடும். மேலோட்டமாகக் கிளறினால் புளி ஒரு பக்கமும் காரம் ஒரு பக்கமுமாக நிற்கும். பழகிய கைக்குச் சில நொடிகள் போதும். வாங்கியவுடன் சாப்பிட்டுவிட வேண்டும். முதலில் புளிப்பு, பிறகு பூண்டு, கடைசியில் தொண்டையில் ஏறும் காரம், நடுநடுவே தட்டையின் மொறுமொறுப்பு. பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் தட்டையும் பொரித்த வெங்காயமும் நமத்து, பாதி ருசி வழியிலேயே போய்விடும். அத்தோவை நின்றுகொண்டே சாப்பிடுவதுதான் முறை.

இதன் தாய்வீடு பர்மா. கோதுமை நூடுல்ஸைப் புளி, பூண்டு எண்ணெய், கடலை மாவு சேர்த்துக் கையால் பிசைந்து தருவது அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. மீன் சாறோ காய்ந்த இறால் பொடியோ அதில் சேரும். சென்னைத் தட்டில் பெரும்பாலும் அவை இல்லை. அந்த இடத்தை மிளகாயும் புளியும் எடுத்துக்கொண்டன. கூடவே ஒரு கிண்ணத்தில் வரும் வாழைத்தண்டு சூப்புக்கும் இதே கதைதான். பர்மாவில் மீன் குழம்பில் வாழைத்தண்டு போட்டு, அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றிக் காலை உணவாகச் சாப்பிடும் மொய்ங்காவின் சாயல் அது. வாழைத்தண்டு தமிழ்ச் சமையலறைக்கும் பழக்கமானது என்பதால், இந்த சூப்பை அந்நியமாக நினைப்பவர்கள் அபூர்வம்.

கடல் தாண்டி இந்த உணவு வந்ததற்குப் பின்னால் பெரும் துயரம் இருக்கிறது. 1962 மார்ச்சில் பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-ல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக ரங்கூனில் கடை வைத்திருந்த இந்தியர்கள் ஒரே ஆண்டில் கடையையும் கைக்காசையும் இழந்தார்கள். அந்தப் பத்தாண்டுகளில் ஏறக்குறைய 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். நகை, பணம் கொண்டுவரக் கடும் கட்டுப்பாடு. சென்னைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கியவர்களில் பலருக்கு மிஞ்சியிருந்தது கைத்தொழிலும் சமையல் பக்குவமும்தான்.

துறைமுகத்துக்கு எதிரிலேயே 1969-ல் பர்மா பஜார் உருவானது. வியாசர்பாடி, எண்ணூர் என்று வடசென்னையில் குடியிருப்புகள் எழுந்தன. பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வழியாகப் புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்டவர்கள் மோரேயில் தங்கினார்கள். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கமும் கோயிலும் உண்டு. இத்தனை அலைச்சலிலும் இந்த உணவு கைவிடப்படவில்லை. பெரிய உணவகங்களின் ஆதரவு இல்லாமல், தள்ளுவண்டிக்காரர்களின் உழைப்பால் மட்டுமே அது அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருக்கிறது. சென்னையின் உணவு என்று பட்டியல் போடுகிறவர்கள் இட்லிக்கும் பிரியாணிக்கும் பக்கத்தில் இதற்கு இடம் தராமல் போவது பெரிய குறை.

அத்தோ தீர்ந்ததும் கிளம்பிவிடக் கூடாது. அதே வண்டியில் மசாலா முட்டை கிடைக்கும். வேகவைத்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டும் திணித்து, மிளகாய்த்தூள் தூவி, புளிக்கரைசல் விட்டுத் தருவார்கள். கடித்துக் கடித்துச் சாப்பிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் சட்டையில் கொட்டும். வாயை நன்றாகத் திறந்து முழுசாகப் போட்டுக்கொள்ள வேண்டும். காரம் ஏறினால் இன்னொரு கரண்டி சூப் கேட்கலாம். பெரும்பாலான வண்டிகளில் அதற்குத் தனிக்காசு வாங்குவதில்லை.