நீரிலும் களியிலும் புரோட்டான் கைமாற்றம்: உப்பின் தாக்கமும் கலைச்சொல் தெளிவும்

முன்னுரை

அமிலம் கரைந்த நீரில் புரோட்டான் பிற அயனிகளைக் காட்டிலும் பன்மடங்கு விரைந்து செல்கிறது. அந்நீரில் உப்பைக் கரைத்தால் அவ்விரைவு குறைகிறது. இவ்விரு செய்திகளையும் ‘புரோட்டான் நகர்வு’ என்னும் ஒரே தொடரால் குறித்தால் முதலாவது விளங்காமற் போகும். இரண்டாவது பிழையாக விளங்கும். நிகழ்வின் இயல்பையும் அதற்குரிய சொல்லாட்சியையும் இக்கட்டுரை ஒருங்கே ஆராய்கிறது.

நீரில் நிகழ்வது

25 செல்சியஸ் வெப்பநிலையில், மிக நீர்த்த கரைசலில், மோலார் அயனிக் கடத்துத்திறன் சோடியத்திற்கு ஏறத்தாழ 50, பொட்டாசியத்திற்கு 73, ஹைட்ரஜன் அயனிக்கோ 350 (மோலுக்குச் சீமென்ஸ் சதுர சென்டிமீட்டர்). ஒரே துகள் நீரைத் துளைத்துச் செல்வதாகக் கொண்டால் இவ்வேறுபாட்டிற்குக் காரணம் கிட்டாது. 1806இல் தியோடர் குரோத்தஸ், நீர்த்துகள்கள் சங்கிலிபோல் நின்று தம் கூறுகளை அடுத்ததற்குக் கைமாற்றுகின்றன என்றார். புரோட்டான் என்னும் கருத்தே தோன்றாத காலத்தில் எழுந்த கருதுகோள் இது என்பது வியப்பிற்குரியது.

இன்றைய விளக்கப்படி, மூன்று ஹைட்ரஜன் கொண்ட ஹைட்ரோனியம் அயனி, ஹைட்ரஜன் பிணைப்பால் தன்னோடு இணைந்த நீர் மூலக்கூறுக்கு ஒரு புரோட்டானைத் தருகிறது. பெற்ற மூலக்கூறு தன்னிடமுள்ள வேறொரு புரோட்டானை அடுத்ததற்குத் தரலாம். நிறைந்த திண்ணையின் ஒரு முனையில் ஒருவர் நெருக்கி அமர, மறுமுனையில் இருப்பவர் எழ நேர்வதை இதற்கு ஒப்பிடலாம். ஆயின் நீரில் அனைத்தும் ஒருங்கே நிகழ்வதில்லை. படிப்படியாகவும், பலமுறை பின்வாங்கியும் நிகழ்கிறது. ஒரு கைமாற்றத்திற்கு ஓரிரு பிக்கோ வினாடி ஆகிறது. அதிலும் புரோட்டான் கடக்கும் நேரம் சிறிது; பெறவேண்டிய மூலக்கூறு தன் பழைய ஹைட்ரஜன் பிணைப்பொன்றைத் துறந்து ஆயத்தமாகும் நேரமே பெரிது. 1995இல் நோம் அக்மோன் வலியுறுத்திய கருத்து இது.

உப்பு செய்வது

எனவே உப்பு, புரோட்டானின் வழியில் கிடக்கும் கல் அன்று. கைமாற்றும் கைகளைக் கட்டிவைப்பது. மக்னீசியம் அயனி ஆறு நீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இறுக்கமாக நிறுத்துகிறது. அவற்றுள் ஒன்று விடுபட மைக்ரோ வினாடி அளவில் காலம் ஆகிறது. கைமாற்றக் காலத்தோடு ஒப்பிட இது இலட்சக்கணக்கான மடங்கு. ஆக்சிஜன் முனை நேர்மின் அயனியை நோக்கியிருப்பதால் அம்மூலக்கூறுகள் புரோட்டானைப் பெறுவதும் அரிது. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 55 மோல் மூலக்கூறுகள் உள்ளன. 0.1 மோலார் சமையலுப்பில் ஓரிணை அயனிக்கு 550 மூலக்கூறுகள் இருப்பதால் தாக்கம் சிறிது. தெவிட்டிய கரைசலிலோ அவ்வெண் ஒன்பதாகச் சுருங்குகிறது. கட்டுறாத நீர் என ஒன்று அங்கு அரிது.

உப்பின் அயனிகளும் மின்னோட்டத்தைச் சுமப்பதால் கரைசலின் மொத்தக் கடத்துத்திறன் கூடலாம். இதனைப் புரோட்டானின் விரைவு கூடியதாகக் கொள்ளலாகாது.

சோடியம் அசிட்டேட்டின் நிலை வேறு. அசிட்டேட் அயனி புரோட்டானைப் பற்றி அசிட்டிக் அமிலமாகிறது; அம்மூலக்கூறு முழுமையாக இடம்பெயர்கிறது. அதன் விரவல், நீர்த்த கரைசலிலுள்ள புரோட்டானின் விரவலில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே. ‘நகர்வு’ என்னும் சொல் உண்மையில் இங்குதான் பொருந்தும்.

களியில்

இரண்டு விழுக்காட்டு அகர் களியில் எஞ்சியது நீரே. ஆதலின் கைமாற்றம் நீரில் போன்றே பெரிதும் நிகழ்கிறது. பகுதி நடுநிலையாக்கப்பட்ட பாலிஅக்ரிலிக் அமிலக் களி அவ்வாறன்று. இடம்விட்டு அசையாத கார்பாக்சிலேட் தொகுதிகள் புரோட்டானைப் பற்றுவதும் விடுவதுமாக அதனைத் தாமதிக்கின்றன. இதில் உப்பு இரு முரண்பட்ட வேலைகளைச் செய்கிறது. அத்தொகுதிகளின் எதிர்மின்னூட்டத்தை மறைத்து அவற்றின் பற்றைத் தளர்த்துவது ஒன்று. சவ்வூடுபரவல் அழுத்த வேறுபாட்டைக் குறைத்துக் களியைச் சுருக்கி நீர்வழிகளை நெருக்குவது மற்றொன்று. எது மேலோங்கும் என்பது உப்பின் செறிவையும் களியின் பின்னல் அடர்த்தியையும் பொறுத்தது.

கைமாற்றம், நகர்வு, பற்றி விடுதல் ஆகிய மூன்றும் களியில் கலந்து நிகழ்வதால், அவற்றிற்குப் பொதுச்சொல்லாகப் ‘பெயர்ச்சி’ என்பதை ஆளலாம். ‘தாவல்’ எனும் சொல்லாட்சி, ஒரே புரோட்டான் நெடுந்தொலைவு தாவிச் செல்வதாக மயங்க வைப்பதால், ஒரு தனிக் கைமாற்றத்தைக் குறிக்கும் இடத்தில் மட்டும் ஏற்கத்தக்கது.