நீரிழிவு நோயின் பின்விளைவுகள்: அறிய வேண்டியவையும் தடுக்கும் வழிகளும்

நீரிழிவு நோய் கண்டறியப்பட்டவர்களில் பலர், "எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே, பிறகு எதற்கு மாத்திரை?" என்று கேட்பதுண்டு. இக்கேள்வி இயல்பானதே. இரத்தச் சர்க்கரை 250 மி.கி. அளவில் இருக்கும்போதும் ஒருவரால் வழக்கம்போல் வேலைக்குச் சென்று வர இயலும். ஆனால் அந்த ஆண்டுகளில் கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகிய உறுப்புகள் சிறிது சிறிதாகப் பாதிக்கப்படுகின்றன. அறிகுறி வெளிப்படும்போது பாதிப்பு பெரும்பாலும் முற்றிய நிலையில் இருக்கும். எனவே, தொந்தரவு இல்லாத காலமே பின்விளைவுகளைத் தடுப்பதற்கு உரிய காலமாகும்.

பின்விளைவுகள் ஏன் ஏற்படுகின்றன?

இரத்தத்தில் சர்க்கரை நீண்ட காலம் மிகுந்திருந்தால் இரத்தக் குழாய்களின் உட்சுவர் சேதமடைகிறது. சிறிய குழாய்கள் பாதிக்கப்படும்போது விழித்திரை, சிறுநீரகம், நரம்புகள் ஆகியவை பழுதடைகின்றன. பெரிய குழாய்கள் அடைபடும்போது மாரடைப்பு, பக்கவாதம், கால்களுக்கு இரத்த ஓட்டம் குறைதல் ஆகியவை நேரிடுகின்றன. உயர் இரத்த அழுத்தம், மிகை கொழுப்பு, புகையிலைப் பழக்கம் ஆகியன உடன் இருந்தால் இச்சேதம் விரைவுபடும்.

இதனைப் பெருமளவு தடுக்க இயலும். பிரித்தானியாவில் 5,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1998இல் முடிவுகள் வெளியான ஆய்வில், சர்க்கரையைக் கூடுதல் கவனத்துடன் கட்டுப்படுத்தியவர்களுக்குச் சிறிய இரத்தக் குழாய்கள் சார்ந்த பின்விளைவுகள் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தன.

கண்கள்

விழித்திரை பாதிப்பின் தொடக்கத்தில் பார்வை தெளிவாகவே இருக்கும். எனவே, கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்துக்கொள்வது போதாது. கண்மணியை விரிவாக்கும் சொட்டு மருந்திட்டோ, விழித்திரையைப் படம் எடுத்தோ ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் நோய் கண்டறியப்பட்ட உடனேயே முதல் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். லேசர் சிகிச்சையும் கண்ணில் செலுத்தப்படும் ஊசி மருந்துகளும் எஞ்சியுள்ள பார்வையைக் காக்க உதவும். முற்றிலும் இழந்த பார்வையை மீட்பது அரிது.

சிறுநீரகங்கள்

சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் சிறிதளவு கசிவதே சிறுநீரக பாதிப்பின் முதல் அடையாளம். அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் 30க்குக் குறைவாக இருப்பது இயல்பு. இக்கட்டத்தில் கண்டறிந்தால், இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியும் உரிய மருந்துகளைக் கொடுத்தும் டயாலிசிஸ் தேவைப்படும் நிலையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். பலருக்கு அந்நிலை வராமலே தடுக்கலாம்.

"சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும்" என்ற அச்சம் பரவலாக உள்ளது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்பாடற்ற சர்க்கரையும் இரத்த அழுத்தமுமே. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு மருத்துவர் மருந்தின் அளவை மாற்றியமைப்பார். அதே வேளையில், மூட்டு வலிக்கும் உடல் வலிக்கும் மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி உண்ணும் வலி நிவாரணிகள் சிறுநீரகத்திற்கு உண்மையாகவே தீங்கு செய்யக்கூடியவை. அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

இதயமும் மூளையும்

நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதால் மாரடைப்பின்போது நெஞ்சுவலி தோன்றாமலும் போகலாம். திடீர் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, காரணமற்ற கடும் சோர்வு, மேல்வயிற்று எரிச்சல் ஆகியவற்றை "வாயுத் தொல்லை" எனக் கருதி வீட்டில் காத்திருத்தல் ஆபத்தானது.

நரம்புகளும் பாதங்களும்

கால்களில் எரிச்சல், மதமதப்பு, பஞ்சின்மேல் நடப்பது போன்ற உணர்வு ஆகியவை நரம்பு பாதிப்பின் அறிகுறிகள். சிலருக்கு எந்த அறிகுறியுமின்றி உணர்ச்சி குறைந்துவிடும். செருப்பு கழன்றதையே அறியாமல் நடந்து செல்பவர்களும் உண்டு. அத்தகைய பாதத்தில் முள் தைத்தாலும், வெந்நீர் சுட்டாலும், இரவில் எலி கடித்தாலும் வலி தெரியாது. வலியில்லாததால் சிகிச்சை தாமதமாகிறது. சிறு காயம் புண்ணாகி, கிருமித்தொற்று எலும்புவரை பரவி, விரலையோ காலையோ அகற்ற வேண்டிய நிலை உருவாகிறது. வலியில்லாத புண்ணைச் சாதாரணமானது எனக் கருதக் கூடாது.

பாதங்களைக் காக்கப் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கவும்:

• ஒவ்வொரு நாளும் இரவில் உள்ளங்கால், குதிகால், விரலிடுக்குகளைப் பார்க்கவும். குனிய இயலாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அல்லது வீட்டார் பார்க்கலாம்.
• வீட்டிற்குள்ளும் செருப்பு அணியவும். அணியுமுன் உள்ளே கல், ஆணி உள்ளனவா எனக் கையால் தடவிப் பார்க்கவும். உணர்ச்சி குறைந்தவர்கள் எம்.சி.ஆர். செருப்பு அணிவது நல்லது.
• கோவில் பிரகாரத்தில் வெறுங்காலுடன் நடக்க வேண்டியிருந்தால் வெயில் ஏறுமுன் காலையிலேயே செல்லவும். நண்பகலில் சூடேறிய கல்தரை உள்ளங்காலைக் கொப்புளமாக்கிவிடும். உணர்ச்சி குறைந்தவர்கள் தீமிதித்தலைத் தவிர்க்கவும்.
• கால் ஆணியை பிளேடால் வெட்டுவதோ, மருந்துப் பட்டை ஒட்டுவதோ கூடாது.
• எரிச்சலுக்காக வெந்நீரில் கால்களை ஊறவைத்தல், ஒத்தடம் கொடுத்தல் ஆகியவற்றைச் செய்யக் கூடாது.
• காயத்தின்மேல் காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு ஆகியவற்றை இடாமல், சுத்தமான நீரால் கழுவித் துணியால் மூடி, அன்றே மருத்துவரிடம் காட்டவும்.

பிற பாதிப்புகள்

ஈறு நோய், தோலிலும் சிறுநீர்ப் பாதையிலும் கிருமித்தொற்று, ஆண்மைக் குறைவு, மனச்சோர்வு ஆகியனவும் நீரிழிவுடன் தொடர்புடையவை. கூச்சமின்றி மருத்துவரிடம் கூறுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளவும்.

தாழ்சர்க்கரை: உடனடி ஆபத்து

மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்ட பின் உணவு தவறினால் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை தோன்றும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸை நீரில் கலந்து அருந்தவும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதித்து, குறைந்தே இருந்தால் மறுபடியும் கொடுக்கவும். சரியானதும் உணவு உண்ணவும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; 108ஐ அழைக்கவும். முதியவர்களுக்கும் சிறுநீரக பாதிப்பு உள்ளவர்களுக்கும் தாழ்சர்க்கரை மீண்டும் வரலாம் என்பதால், தெளிந்துவிட்டாலும் மருத்துவமனையில் காட்டுவது அவசியம். விரதம் இருக்க விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டறிய வேண்டும்.

அபாயத்தைக் குறைக்கும் வழிகள்

• மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ.1.சி.) பெரும்பாலோருக்கு 7 விழுக்காட்டிற்குக் கீழ் இருக்க வேண்டும். முதியவர்களுக்கும் பிற நோய்கள் உள்ளவர்களுக்கும் இலக்கைச் சற்றுத் தளர்த்தலாம். அதனை மருத்துவர் முடிவு செய்வார்.
• இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் அதே அக்கறையுடன் கட்டுப்படுத்தவும்.
• சர்க்கரை அளவு இயல்பானவுடன் மருந்தை நிறுத்தாதீர்கள். அந்த அளவு மருந்தினால் கிடைத்ததாக இருக்கலாம்.
• தட்டில் பாதி காய்கறி, கீரை. கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்றவை. கால் பங்கு மட்டும் சோறு அல்லது சப்பாத்தி என அமைத்துக்கொள்ளவும். கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் மாவுச்சத்து உள்ளவையே. அளவு மீறினால் சர்க்கரை உயரும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் ஆகியவற்றிற்கும் விலக்கு இல்லை.
• உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மிகாமல் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறைக்கவும்.
• வாரத்திற்கு 150 நிமிடங்களாவது வேகமாக நடக்கவும்.
• பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை ஆகியவற்றை முற்றிலும் கைவிடவும்.

ஆண்டுக்கு ஒரு முறையேனும் செய்ய வேண்டியவை

விழித்திரைப் பரிசோதனை, சிறுநீர் அல்புமின், இரத்தக் கிரியாட்டினின், கொழுப்பு அளவு, பாத உணர்ச்சிப் பரிசோதனை, பல் பரிசோதனை. எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை 3 முதல் 6 மாதங்களுக்கு ஒரு முறை செய்ய வேண்டும்.

பராமரிப்பவர்களுக்கு

முதியவர்கள் தம் காயங்களையும் பார்வைக் குறைவையும் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற எண்ணமே காரணம். கடிந்துகொள்ளாமல் அவர்களுடன் அமர்ந்து பாதங்களைப் பாருங்கள். மாத்திரை முறையாக உட்கொள்ளப்படுகிறதா எனக் கவனியுங்கள். அவர்களுக்குத் தனியாகச் சமைப்பதைவிட வீட்டார் அனைவரும் அதே உணவை உண்பது சிறந்தது. 2021 முதல் செயல்பட்டு வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகள் இல்லத்திற்கே வந்து வழங்கப்படுகின்றன. விவரங்களை அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அறியலாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை
• முகம் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறல்
• திடீர்ப் பார்வை இழப்பு, கண்முன் கரும்புள்ளிகள் மிதத்தல்
• பாதத்தில் புண், வீக்கம், சிவப்பு, நிறமாற்றம், துர்நாற்றம்
• தொடர் வாந்தி, மிகுந்த தாகம், வேகமான மூச்சு, மயக்கம்

அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம். இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். மருந்துகளைத் தொடங்குவதோ மாற்றுவதோ உங்கள் மருத்துவரின் ஆலோசனைப்படியே அமைய வேண்டும்.