டிவி வந்து மூன்று வருஷத்தில்…

போன மாசம் சொந்தக்காரங்க கல்யாணம் ஒன்று. பந்தியில் என் பெண்ணைப் பார்த்து ஒரு அத்தை, "என்னடி, குண்டாயிட்டே வர்ற?" என்றார். சாதாரணப் பேச்சுதான். ஆனால் எட்டாவது படிக்கிறவள் அன்றைக்கு இலையில் வைத்த ஜாங்கிரியைத் தொடவில்லை. அடுத்த ஒரு வாரம் ராத்திரி சாப்பாடும் கிடையாது. கேட்டால் "பசிக்கலப்பா". அந்த வாரம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது ஃபிஜித் தீவில் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் செய்த வேலை. அங்கே நாந்த்ரோங்கா என்ற பகுதிக்கு டிவி வந்ததே 1995ல்தான். அதுவரைக்கும் வாட்டசாட்டமான உடம்புதான் அங்கே அழகு. ஒரு பெண் மெலிந்தால் வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். பசி எடுக்காமல் போவதற்கு 'மதாகே' என்று ஒரு நோய்ப் பெயரே வைத்திருந்தார்கள்.

டிவி வந்த சில வாரங்களில் பெக்கர் பள்ளி மாணவிகளிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். 1998ல் அதே வயது மாணவிகளிடம் மறுபடி. சாப்பாடு தொடர்பான மனச்சிக்கல் இருக்கலாம் என்று காட்டும் மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆகியிருந்தார்கள். எடை குறைக்க வேண்டுமென்றே வாந்தி எடுத்தவர்கள் முதலில் யாருமே இல்லை. மூன்று வருஷத்தில் 11.3 சதவீதம்.

இது சின்ன ஆய்வு. ஒவ்வொரு தடவையும் சுமார் 65 பேர்தான், இரண்டு தடவையும் வேறு வேறு பெண்கள். டிவி மட்டுமே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அடுத்தவர் உடம்பைப் பற்றிப் பேசுவது ஃபிஜியில் புதுசில்லை. முன்னால் 'இன்னும் கொஞ்சம் சாப்பிடு' என்பதற்காகப் பேசினார்கள். இப்போது அந்தப் பெண்ணே தனக்கு மார்க் போட ஆரம்பித்துவிட்டாள்.

இதற்குப் பெண்ணியலாளர்கள் ஒரு விளக்கம் தருகிறார்கள். 1997ல் பார்பரா ஃப்ரெட்ரிக்சனும் டோமி-ஆன் ராபர்ட்ஸும் எழுதினார்கள்: ஓயாமல் பார்க்கப்படுகிற பெண், கடைசியில் பார்க்கிறவனின் கண்ணாலேயே தன்னைப் பார்க்கப் பழகிவிடுகிறாள். அடுத்த வருஷம் ஒரு சோதனை. மாணவர்களைக் கண்ணாடி இருக்கும் அறையில் தனியாக விட்டு, சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். அப்படியே ஒரு கணக்குப் பரீட்சை. நீச்சலுடை போட்ட பெண்கள் ஸ்வெட்டர் போட்டவர்களைவிடக் குறைவாக வாங்கினார்கள். ஆண்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. அறைக்குள் வேறு யாருமே கிடையாது! மனசில் பாதி, தன்னைக் கண்காணிக்கவே செலவாகிறது.

சரி, இதற்கும் வன்முறைக்கும் என்ன சம்பந்தம்? விளம்பரம் பார்த்துவிட்டு யாரும் நேராகப் போய் அடிப்பதில்லை. டிவி வருவதற்கு முன்னாலும் பெண்கள் அடி வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். 1979ல் விளம்பரங்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் செய்த ஜீன் கில்பர்ன் சொல்வது அதைவிட நுணுக்கமானது. விளம்பரம் பெண்ணை இடுப்பு, கால், உதடு என்று துண்டு துண்டாகக் காட்டுகிறது. ஒரு ஆளைப் பொருளாகப் பார்ப்பதுதான், அவர் மேல் வன்முறை செய்யலாம் என்ற நினைப்புக்கு முதல் படி.

எங்கள் தொழிலில் 'ஆப்ஜெக்ட்' என்று ஒன்று உண்டு. அதனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. கூப்பிட்டால் பதில் வரணும், அவ்வளவுதான். வரவில்லை என்றால் பிழை அதனிடம். நம்ம சினிமா ஹீரோவும் இப்படித்தான். அவள் 'வேண்டாம்' என்றால் அது பதிலில்லை, திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிய ஒன்று. நிஜத்தில் அப்படித் துரத்துவதை 2013ல்தான் இந்தியத் தண்டனைச் சட்டம் 354டி பிரிவில் தனிக் குற்றமாக எழுதினார்கள். அதற்குள் எத்தனை படம் வெள்ளிவிழா கண்டாச்சு!

ஆக, பட்டினி கிடக்கிற பெண்ணும் துரத்துகிற பையனும் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள்: பெண்ணின் உடம்பு பார்க்கிறவனுக்குச் சொந்தம். அவள் அதைத் தன் மேலேயே போட்டுக்கொள்கிறாள். அவன் அவள் மேல்.

அத்தையை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. டிவியில் ஒரு நடிகையைப் பார்த்து "எப்படி இருந்தவங்க, இப்படி ஊதிட்டாங்களே" என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பக்கத்து சோஃபாவில்தான் அவள் உட்கார்ந்திருப்பாள்.